சாணைக்கல்லைச் சமன் செய்தவர்கள்: சவரக்கத்தியின் பின்னால் ஒரு கைவினை வரலாறு

பொன்விழா மலர்களில் கப்பல் வணிகரைப் பற்றிப் படிக்கிறோம். பள்ளிவாசல் எழுப்பியவரை, பணமாற்றுக் கடை வைத்தவரை, அச்சகம் நடத்தியவரை, நாசி கண்டார் சுமந்து விற்றவரைப் பற்றிப் படிக்கிறோம். அவர்களைப் பற்றி எழுத வேண்டியதுதான், இன்னும் எழுதலாம். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அவ்வப்போது ஒரு மனிதரின் முன்னால் அமர்ந்து, கண்ணை மூடி, கழுத்தை நிமிர்த்திக் காட்டியவர்கள். அந்த மனிதரின் கையில் திறந்த சவரக்கத்தி இருந்தது. அது தோலைக் கீறாமல் மயிரை மட்டும் எடுத்தது என்றால் அதற்குக் கைப்பழக்கம் பாதிக் காரணம். மீதிப் பாதி, அவருடைய அடைப்பத்தின் அடியில் துணி சுற்றி வைத்திருந்த உள்ளங்கை அளவுள்ள ஒரு கல்.

இக்கட்டுரை அந்தக் கல்லின் வரலாறு. கத்தியைக் கூராக்குவது கல். கல்லைச் சரியாக்குவது எது? அந்த இரண்டாவது வேலையை வாடிக்கையாளர் யாரும் பார்த்ததில்லை. கடை திறப்பதற்கு முன்போ, அடைத்த பின்போ அது நடந்தது. பார்க்கப்படாத உழைப்பு எளிதில் மறக்கப்படும் என்பதால் அதை இங்கே பதிவு செய்வது தகும்.

அடைப்பத்தோடு வந்தவர்கள்

1794ஆம் ஆண்டில் பினாங்கின் நிலையை விவரித்த பிரான்சிஸ் லைட், சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, வணிகமும் பலவகை உழைப்பும் செய்து, சிறிது பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள் என்று குறித்திருக்கிறார். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, காரைக்கால் ஆகிய துறைமுகங்களின் பெயர்கள் பினாங்கோடு பிணைந்தது அந்தக் காலத்தில்தான். பின்னர் நீராவிக் கப்பல்கள் வந்தன. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா'வில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இம்மலரின் வாசகர்களில் பலர்.

எங்கே ஆண்கள் கூட்டமாகக் குடியேறுகிறார்களோ அங்கே மூன்று பேர் உடனே தேவைப்படுவார்கள்: சமைப்பவர், துணி வெளுப்பவர், முடி திருத்துபவர். மலாயாவின் துறைமுகங்களிலும் தோட்டங்களிலும் இந்த மூன்றாவது தொழிலைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்து இந்து சகோதரர்கள். நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இரு சாராருக்கும் கருவிகள் ஒன்றே: கத்தி, கத்தரிக்கோல், சீப்பு, கிண்ணம், தோல்வார், கல். இவற்றில் கத்தரியும் சீப்பும் கடையில் வாங்கிய நாள் முதல் அப்படியே வேலை செய்யும். கத்தியும் கல்லும் அப்படியல்ல. அவற்றைச் சொந்தக்காரரே ஒவ்வொரு நாளும் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

குருந்தம்: உலகுக்குத் தமிழ் தந்த ஒரு சொல்

சாணைக்கல்லின் வரலாற்றில் நம் மொழிக்கு ஒரு தனி இடம் உண்டு. எஃகைத் தேய்க்கக்கூடிய கடினமான கனிமம் ஒன்றைத் தமிழர் குருந்தம் என்று அழைத்தனர். சேலம் வட்டாரத்தில் அது கிடைத்தது. அதைத் தூளாக்கி, அரக்கில் குழைத்து, வட்டமாக வார்த்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். கத்தி, வாள் தீட்டுவோர், மணி இழைப்போர் எல்லாருக்கும் அதுவே கருவி. ஐரோப்பியர் இந்தக் கனிமத்தை வாங்கிச் சென்றபோது பெயரையும் சேர்த்தே கொண்டுபோனார்கள். 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆசியாவின் இந்தக் கல்லைப் பற்றி ஒரு கட்டுரை அளித்தார். இன்று உலகின் அறிவியல் நூல்கள் அனைத்திலும் உள்ள 'கொரண்டம்' என்ற சொல் நம் குருந்தம்தான்.

இதில் ஒரு வியப்பும் இருக்கிறது. மாணிக்கமும் நீலமும் கனிம இயல்படி குருந்தமே. தெளிவாக, நிறத்தோடு விளைந்தால் நவமணி. மங்கலாக விளைந்தால் சாணைத் தூள். கீழக்கரை, காயல்பட்டின வணிகர்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து விலை பேசிய கல்லும், நாவிதரின் அடைப்பத்தில் கிடந்த சாணையின் உள்ளே இருந்த துகளும் ஒரே பொருள்.

சொல்லின் பயணம் அங்கே நிற்கவில்லை. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் மின் உலையில் ஒரு புதிய கடினப் பொருளை உண்டாக்கினார். அதில் கார்பனும் குருந்தமும் கலந்திருப்பதாக எண்ணி இரண்டு சொற்களையும் இணைத்து 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த பொருள். ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் 'கார்போரண்டம் யுனிவர்சல்' நிறுவனத்தைத் தொடங்கியபோது, தமிழ்ச் சொல் ஒன்று உலகைச் சுற்றிவிட்டுத் தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தது.

சாணை என்ற சொல்லும் கடல் கடந்தது. மலாய் மொழியில் 'சானாய்' என்றால் தீட்டுதல், வழவழப்பாக்குதல், மாவை உருட்டித் தட்டையாக்குதல் என்று பொருள்கள் உண்டு. 'பத்து சானாய்' என்றால் சாணைக்கல். கடை 'கெடாய்' ஆனது போல, கப்பல் 'கப்பால்' ஆனது போல, நம் சாணைதான் சானாய் ஆனது என்பது மொழியறிஞர் கருத்து. ரொட்டி சானாயின் பெயருக்குச் சென்னை, சன்னா என்று வேறு விளக்கங்களும் சொல்வார்கள். மாவைத் தேய்த்து விரிக்கும் கையையும் கத்தியைத் தேய்த்துத் தீட்டும் கையையும் மலாய் ஒரே சொல்லால் குறிக்கிறது என்பதில் மட்டும் ஐயமில்லை.

பல நாட்டுக் கற்களும் பரங்கிப்பேட்டை இரும்பும்

சவரத்திற்கென்றே தனிக் கல் வைத்திருந்த வழக்கம் மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய அறிஞர் பிளினி, நாவிதர் கடைகளில் எச்சில் தொட்டுத் தீட்டும் ஒரு வகைக் கல்லைப் பற்றி எழுதியிருக்கிறார். அத்தகைய கல் ஸ்பெயினிலிருந்து வந்ததாம். பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப் பகுதியில் வீல்சாம் ஊரைச் சுற்றி வெட்டியெடுக்கும் மஞ்சள் நிறக் கல் 'கோட்டிக்கூல்'. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய மணித்துகள்கள் நிறைந்திருக்கின்றன. அவை நம் கோமேதகத்தின் இனத்தைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் ஆர்கன்சா கல்லுக்கு அறிவியல் பெயர் 'நோவாகுலைட்'. லத்தீனில் 'நோவாகுலா' என்றால் சவரக்கத்தி. ஜப்பானியர் கியோத்தோ மலைகளின் கல்லைப் பயன்படுத்தினர்.

இருபதாம் நூற்றாண்டில் செயற்கைக் கற்கள் இயற்கைக் கற்களை ஓரங்கட்டின. இன்றைய ஸ்லோவேனியாவில் உள்ள மாரிபோர் நகரில் தயாரான 'சுவாட்டி' கல் உலகின் பல நாடுகளில் முடிதிருத்துவோரின் பையில் இடம்பிடித்தது. நார்ட்டன் நிறுவனத்தின் பழுப்பு நிற எண்ணெய்க்கல்லுக்கு 'இந்தியா' என்றே பெயர். அதன் உள்ளே இருப்பது செயற்கைக் குருந்தம்.

கத்தியின் எஃகிலும் நம் கரைக்குப் பங்கு உண்டு. தென்னிந்திய உருக்கை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று அழைத்தனர். 1795இல் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிய ஆய்வு ஒன்று வாசிக்கப்பட்டது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வினைஞர் அதில் கத்தி செய்து பார்த்து அதன் கூர்மையைப் பாராட்டினார். பின்னாளில் மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்துதான் எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார். 1830 அளவில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் நம் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்து இரும்புத்தாதுவை உருக்கி, வார்ப்பிரும்பை இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1839இல் மாங்கனீசு சேர்த்து எஃகைச் செம்மையாக்கும் முறைக்கு அவர் பெற்ற காப்புரிமை, சவரக்கத்திகளுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரின் எஃகுத் தொழிலையே மாற்றியது.

சவரக்கத்திக்கு ஏன் தட்டையான கல் வேண்டும்?

சமையற்கட்டுக் கத்திக்கோ பாராங்குக்கோ கல் கொஞ்சம் குழிந்திருந்தாலும் பாதகமில்லை. தீட்டுபவர் தம் மணிக்கட்டால் சாய்வை நிர்ணயித்துக்கொள்வார். சவரக்கத்தி அப்படியல்ல. அதன் முதுகு தடிப்பு, வாய் மெல்லிசு. தீட்டும்போது முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லின்மேல் படுக்க வைக்க வேண்டும். முதுகின் தடிப்பும் அலகின் அகலமும் சேர்ந்து சாய்வைத் தாமே முடிவு செய்கின்றன. ஏறத்தாழ 16, 17 பாகைக் கோணம் வரும். அதாவது கத்தி செய்தவர் கோணத்தைக் கத்திக்குள்ளேயே வைத்துவிட்டார். தீட்டுபவரின் வேலை அதைக் கெடுக்காமல் இருப்பது.

அதனால் கல்லின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நேராகக் கத்தியின் வாயில் பதிந்துவிடும். நடுவில் குழிந்த கல்லில் வைத்தால் கத்தியின் இரு நுனிகளும் அதிகம் தேயும். நடுப்பகுதி தொடாமல் நிற்கும். நேராக இருக்க வேண்டிய வாய் வில்லாக வளையும். சாய்வும் கூடிப்போய், கூர்மை மட்டுப்படும். மனிதத் தலைமுடியின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரான். நல்ல சவரக்கத்தியின் வாய் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அந்த அளவில் கல்லின் சிறு பள்ளமும் பெரிய குழிதான்.

கல் ஏன் கெடுகிறது? குருந்தம் எஃகைவிடக் கடினமானது. துகள்கள் எஃகால் அரைபடுவது சொற்பம். துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசைப் பொருள்தான் விட்டுக்கொடுக்கிறது. மழுங்கிய துகள் உதிர்ந்தால் அடியிலிருந்து புதிய துகள் வெளிவரும். கல் தொடர்ந்து வெட்டும். ஆனால் கை இயல்பாக நடுப்பகுதியையே நாடுவதால் நடு விரைவில் குழியும். இது ஒரு கேடு. துகள்கள் உதிராமல் நின்று, இரும்புத் தூளும் சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் நுண்துளைகளில் அடைத்துக்கொண்டால் கல் கண்ணாடி போலப் பளபளக்கும். கத்தி வழுக்கிக்கொண்டு போகும், தீட்டாது. இது மற்றொரு கேடு. முதலாவதற்குச் சமன் செய்வது மருந்து. இரண்டாவதற்கு மேற்பரப்பைப் புதுப்பிப்பது மருந்து. ஒரே வேலையில் இரண்டும் நடக்கும்.

கல்லைச் சமன் செய்யும் கலை

பழைய முறை மிக எளியது. சலித்த மணலை நீரோடு ஒரு தட்டையான பரப்பில் தூவி, அதன்மேல் கல்லைக் கவிழ்த்துத் தேய்ப்பார்கள். மணல் உருண்டு உருண்டு கல்லின் மேடுகளை அரைக்கும். சிக்கல் அந்தத் 'தட்டையான பரப்பில்' இருக்கிறது. சிமெண்டுப் படியோ வாசற்கல்லோ கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும், உண்மையில் இராது. எந்தப் பரப்பில் தேய்க்கிறோமோ அதன் குற்றம் கல்லில் ஏறிவிடும்.

சிலர் இரண்டு கற்களை ஒன்றோடொன்று தேய்ப்பார்கள். இதில் ஒரு மறைவான பொறி உண்டு. ஒரு கல் குழிந்தும் மற்றது புடைத்தும் போனால்கூட இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்திவிடும். பார்ப்பவர் இரண்டும் சமமாகிவிட்டன என்று எண்ணுவார். இதற்குத் தீர்வு மூன்றாவது கல். முதல் கல்லை இரண்டாவதோடும், இரண்டாவதை மூன்றாவதோடும், மூன்றாவதை முதலாவதோடும் மாற்றி மாற்றித் தேய்த்தால் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு ஒரே வழிதான் இருக்கிறது: மூன்றுமே தட்டையாக வேண்டும். இந்தக் கொள்கையை இரும்புத் தகடுகளுக்குப் பயன்படுத்தி 1840இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் கிளாஸ்கோவில் நடந்த அறிவியல் மாநாட்டில் விளக்கினார். இன்றைய துல்லியப் பொறியியலின் அடிப்படைகளில் அது ஒன்று. கல் தேய்க்கும் எளிய வேலைக்கும் விண்கலம் செய்யும் தொழிற்சாலைக்கும் ஒரே கணக்குதான்.

1921இல் த்ரீ எம் நிறுவனம் நீரில் நனைத்தாலும் கிழியாத உப்புத்தாளை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு வேலை சுலபமானது. தடித்த கண்ணாடித் தகட்டின்மேல் அந்தத் தாளை நீரால் ஒட்டவைத்துக் கல்லைத் தேய்க்கலாம். இப்போது வைரத் துகள் பதித்த உலோகத் தட்டுகளும் கிடைக்கின்றன. கருவி எதுவானாலும் முறை ஒன்றே. வீட்டில் பழைய கல் வைத்திருப்பவர்கள் இன்றும் செய்து பார்க்கலாம்.

முதலில் கல்லைக் கழுவ வேண்டும். எண்ணெய் ஊறிய கல்லானால் மண்ணெண்ணெயும் சோப்பு நீரும் கொண்டு பிசுக்கை எடுக்க வேண்டும். காய்ந்ததும் பென்சிலால் கல்லின் முகம் முழுவதும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டங்கள் வரைய வேண்டும். பிறகு 220 எண் உப்புத்தாளில், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, எட்டு வடிவில் தேய்க்க வேண்டும். இருபது தேய்ப்புக்கு ஒருமுறை கல்லைத் தலைமாற்றிப் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் கை அழுத்தும் பக்கம் அதிகம் தேயும். கழுவிப் பார்த்தால் மேடான இடங்களில் பென்சில் கோடு அழிந்திருக்கும்; பள்ளத்தில் கோடு அப்படியே இருக்கும். பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும். கோடுகள் எல்லாம் ஒருங்கே அழியும்வரை தேய்க்க வேண்டும். பின்னர் மறுபடி கட்டம் வரைந்து, 400 எண் தாளில் சில தேய்ப்புகள். இம்முறை கோடுகள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மறைந்தால் கல் சமமாகிவிட்டது.

இத்தோடு முடியவில்லை. கல்லின் விளிம்புகள் கூராக நிற்கும். அவற்றைச் சற்றே மழுக்கிவிட வேண்டும். இல்லையெனில் கத்தி அந்த விளிம்பில் பட்டுப் பல் விழும். கடைசியாக, அதே இனத்துச் சிறு கல் துண்டால் முகத்தைத் தேய்த்துச் சாந்து எழுப்பிக் கழுவிவிட்டால், உப்புத்தாள் விட்ட கீறல்கள் தணிந்து கல் வேலைக்குத் தயாராகும். ஒரு எச்சரிக்கை: கல்லை ஒருபோதும் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

கல்லில் கத்தியைத் தீட்டும்போது வாய் முன்னே செல்லும். தோல்வாரில் இழுக்கும்போது முதுகு முன்னே செல்லும். பழகியவர் ஓசையிலேயே அறிவார். சமமான கல்லில் கத்தி ஒரே சீராக முனகும். குழிந்த கல்லில் ஓசை விட்டு விட்டு வரும்.

மார்க்கக் கடமைகளில் கத்தியின் இடம்

நம் சமுதாயத்தில் சவரக்கத்தி அழகுக்கு மட்டும் உரியதன்று. குழந்தை பிறந்த ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, பெயர் சூட்டி, அகீகா கொடுத்து, அந்த முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்வது நபிவழி. ஏழு நாள் குழந்தையின் உச்சந்தலை இன்னும் மூடியிருக்காது. அங்கே தோலின் கீழ் நாடி துடிப்பது கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தின்மேல் திறந்த கத்தியை ஓட்டியவரை எண்ணிப் பாருங்கள். கூர் குறைந்த கத்தியை அழுத்த வேண்டிவரும்; அழுத்தினால் ஆபத்து. நல்ல கூர்மையுள்ள கத்தி தன் எடையிலேயே நகரும். அன்று காலையில் அவருடைய கல் சமமாக இருந்ததா என்பது அந்த வீட்டாருக்குத் தெரியாத, ஆனால் அவர்களுக்கு மிகவும் வேண்டிய ஒரு செய்தி.

ஹஜ், உம்ரா கடமைகளை நிறைவேற்றியவர்கள் தலைமுடி களைவதும் இந்தக் கத்தியால்தான் நடந்தது. சிறுவர்களின் சுன்னத்துக்கும் கூரிய கருவியே பாதுகாப்பு. பிராணியை அறுப்பவர் முன்னதாகவே கத்தியைத் தீட்டி அதன் வேதனையைக் குறைக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். அந்தப் பிராணியின் கண்முன் தீட்டக் கூடாது என்பதும் நாம் அறிந்ததே. கூர்மை கருணையின் ஒரு பகுதி என்று கற்ற சமுதாயம் இது.

உஸ்தாத் என்ற பெயரும் நாம் தந்த இடமும்

இத்தனை பொறுப்பான வேலையைச் செய்தவர்களை நாம் எப்படி நடத்தினோம்? இதைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது.

மலபாரில் முஸ்லிம் நாவிதரை ஒஸ்ஸான் என்றும் இலங்கையில் ஒஸ்தா என்றும் அழைப்பர். ஒஸ்தா என்பது உஸ்தாத் என்ற சொல்லின் திரிபு என்று கருதப்படுகிறது. உஸ்தாத் என்றால் ஆசான், துறை கைவந்தவர். மதரஸாவில் ஓதிக்கொடுப்பவரை எந்தப் பெயரால் மதிப்போமோ அதே பெயர். ஆனால் பெயரில் இருந்த மதிப்பு பந்தியில் இருந்ததா? மார்க்கம் தொழிலால் மனிதரைப் பிரிக்கவில்லை. பள்ளியின் ஸஃப்பில் தோளோடு தோள் நின்றோம். தொழுகை முடிந்து வெளியே வந்ததும் பல ஊர்களில் பெண் கொடுக்கல் வாங்கலில் அவர்கள் தனியே நின்றார்கள். தொழில் பரம்பரையாக்கப்பட்டது. சுன்னத்துக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் அழைக்கப்பட்ட குடும்பங்கள் திருமணப் பேச்சுக்கு அழைக்கப்படவில்லை.

கடல் கடந்து வந்தது சிலருக்கு இதிலிருந்து ஒரு விடுதலை. புதிய ஊரில் அப்பாவின் தொழிலைக் கேட்பவர் குறைவு. பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குச் சென்றார்கள். அடைப்பம் பரணுக்குப் போனது. தொழிலைப் பற்றிய பேச்சும் அதோடு போனது. நம்முடைய குடும்ப வரலாறுகளில் தாத்தா 'கடை வைத்திருந்தார்' என்று மட்டும் சொல்லி நிறுத்தும் வீடுகள் உண்டு. என்ன கடை என்று சொல்லத் தயங்கும் நிலையை உண்டாக்கியவர்கள் அவர்கள் அல்லர், மற்றவர்களாகிய நாம்தான்.

கல் ஓய்ந்த கதை

அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பாதுகாப்புச் சவரக்கருவி, தீட்டத் தேவையில்லாத பிளேடை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரருக்கு அது வழங்கப்பட்டதும் வீட்டிலேயே சவரம் செய்யும் பழக்கம் பெருகியது. இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் ஒரு பிளேடையே கண்ணாடிக் குவளையின் உட்புறத்தில் தேய்த்துத் தேய்த்துப் பயன்படுத்தியவர்கள் பல நாடுகளிலும் உண்டு. கத்தியும் கல்லும் கைவசம் உள்ளவருக்கு அந்தத் தவிப்பு இல்லை.

முடிதிருத்தும் கடைகளில் கத்தி இன்னும் பல ஆண்டுகள் நிலைத்தது. 1980களில் இரத்தத்தின் வழியாகப் பரவும் நோய்கள் பற்றிய விழிப்புணர்வு வந்தபோது அதன் காலம் முடிந்தது. ஒருவருக்கு ஒரு பிளேடு என்ற முறை வந்தது. பழைய கத்தியின் வடிவிலேயே, ஆனால் பாதி பிளேடு செருகும் பிடிகள் வந்தன. இது நல்ல மாற்றம். உயிர்ப் பாதுகாப்பைவிடக் கைவினை பெரிதன்று. ஆனால் தீட்ட வேண்டிய கத்தி இல்லாதபோது கல்லுக்கும் வேலையில்லை. கல்லைச் சமன் செய்யத் தெரிந்த கைக்கும் வேலையில்லை. ஒரு தலைமுறைக்குள் அந்த அறிவு வீடுகளிலிருந்து வெளியேறியது.

வீட்டிலுள்ள கல்லை என்ன செய்வது?

நம் உறுப்பினர் குடும்பங்களில் சிலவற்றின் பரணில், தையல் பெட்டியில், குர்பானிக் கத்திகளோடு அப்படி ஒரு கல் இருக்கக்கூடும். மஞ்சளாக, பழுப்பாக, கரும்பச்சையாக, நடுவில் படகு போலக் குழிந்திருக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். உடனே சமன் செய்துவிடவும் வேண்டாம். அந்தக் குழி ஒருவருடைய கையின் தடம். பல்லாண்டுகள் ஒரே பக்கமாக அழுத்திய தடம். முதலில் ஒரு படம் எடுங்கள். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் கடையில் இருந்தது, வீட்டின் மூத்தவர் நினைவில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். சிங்கப்பூரில் நாகூர் தர்காவின் கட்டடம் 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை மையமாக இயங்குகிறது. நம் முன்னோர் கையாண்ட சிறு பொருள்களுக்கும் இத்தகைய இடங்களில் மதிப்பு உண்டு. ஆனால் விவரம் தெரிந்த பொருளுக்குத்தான் அந்த மதிப்பு.

வேலைக்கு வேண்டிய கல் என்றால் மறுபக்கத்தைச் சமன் செய்து குர்பானிக் கத்திக்கும் சமையற்கட்டுக் கத்திக்கும் பயன்படுத்துங்கள். பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பென்சில் கட்டத்தை அவர்கள் கையாலேயே வரையச் செய்யுங்கள். கோடு எந்த இடத்தில் அழியாமல் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது தாத்தா வைத்திருந்தது என்ன கடை என்பதையும் தயங்காமல் சொல்லிவிடலாம்.